நிறம் எங்கே வருகிறது?

சித்திர நாவலிலிருந்து எடுத்த படத்தைப் பார்க்கும்போது என்னென்ன நிறம் இருக்கிறது என்று தேடாதீர்கள். எதை, எதுவரைக்கும் கொடுக்காமல் வைத்திருக்கிறார்கள் என்று கவனியுங்கள்.

ஈரானில் வளர்ந்த மர்ஜானே சத்ரபியின் ‘பெர்செபோலிஸ்’ புத்தகம் முழுக்கக் கறுப்பும் வெள்ளையும்தான். முக்காடு போட்ட பெண்கள் கூட்டமாக நிற்கும் கட்டங்களில் உடைகள் ஒட்டிக்கொண்டு ஒரே கறுப்புத் திட்டாகிவிடும். முகங்கள் மட்டும் தனித்தனியாகத் தெரியும். ஓர் அரசு தன் மக்களை என்ன செய்ய நினைத்தது என்பதை, ஒரு வரி வசனமில்லாமல் மை சொல்லிவிடுகிறது. வண்ணம் பூசியிருந்தால் இது நடந்திருக்காது. 2007இல் வின்சென்ட் பரோனோவுடன் சேர்ந்து சத்ரபியே இந்தப் புத்தகத்தைப் படமாக்கினார். அதில் பாரிஸ் விமான நிலையத்தில் உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கு நிறம் உண்டு. அவள் நினைத்துப் பார்க்கும் ஈரானுக்குப் பெரும்பாலும் கிடையாது. ஆனால் படத்தின் பெரும்பகுதி அந்த ஈரான்தான். நம் கண் அதிலேயே பழகிவிடுவதால், நிறம் திரும்பும்போது அதுதான் அந்நியமாகத் தெரிகிறது. நாட்டை விட்டு வந்தவளின் மனநிலை அது.

‘சின் சிட்டி’ படத்தில் (2005) கணக்கு வேறு. இருட்டுக்குள் ஒருவன் மட்டும் மஞ்சள். அங்கே நிறம் ஆளை அடையாளம் காட்டுகிறது, அவ்வளவுதான்.

எல்லாக் கறுப்பு வெள்ளையும் ஓவியரின் முடிவு அல்ல. வண்ணத்தில் பிறந்த பெல்ஜியச் சித்திரக்கதையான ‘இரத்தப் படலம்’ தமிழில் சிவகாசியிலிருந்து 2010இல் கறுப்பு வெள்ளைத் தொகுப்பாக வந்தது, 2018இல்தான் வண்ணம். இரண்டும் கிடைத்தால் ஒரே பக்கத்தை அருகருகே வைத்துப் பாருங்கள். அதை வரைந்த வில்லியம் வான்ஸின் கோட்டுக்கு எவ்வளவு பலம் என்பது பழைய பதிப்பில்தான் நன்றாகத் தெரியும்.

கண்ணைப் பழக்க ஒரு வழி: உங்களுக்குப் பிடித்த நாவலுக்கு நீங்களே இரண்டு நிறம் தேர்ந்தெடுங்கள். நான் கடலோர ஊரான உவரியைச் சேர்ந்த ஜோ டி குருஸின் ‘ஆழி சூழ் உலகு’ நாவலை எடுத்துக்கொள்வேன். கடலில் தத்தளிக்கும் மனிதர்களும் கரையில் கழிந்த பல பத்தாண்டுகளும் அதில் மாறி மாறி வரும். கரைக்கு, பக்கத்துத் தேரிக்காட்டின் செம்மண் நிறம் கொடுப்பேன். கடலுக்கு நீலம் கிடையாது. வெறும் தாளும் மையும் போதும். உவரிக் கரையில் உச்சிப்பொழுதில் நிற்பவருக்கே கடல் கண்கூசும் வெள்ளையாகத்தான் தெரிகிறது. தண்ணீருக்குள் கிடந்து கரையைத் தேடுகிறவனுக்கு நீலம் எதற்கு?