துயரால் நின்ற இதயங்கள்

சிலப்பதிகாரத்து வழக்குரை காதையில் பாண்டியன் நெடுஞ்செழியன் இறக்கும் காட்சியை உயர்வு நவிற்சி என்று சொல்லிக் கடப்போர் உண்டு. கண்ணகியின் சிலம்பு உடைந்து மாணிக்கப் பரல் தெறிக்கிறது. தன் தீர்ப்புப் பிழையென்று உணர்ந்த மன்னன் அரியணையிலேயே வீழ்ந்து மாய்கிறான். கோப்பெருந்தேவியும் அவனைத் தொடர்கிறாள். வாளும் நஞ்சுமின்றி உயிர் போகுமா என்பதே ஐயம்.

போகக்கூடும் என்கிறது இன்றைய மருத்துவம். பேரதிர்ச்சியில் அட்ரினலின் பெருக்கெடுக்க, இதயத்தின் இடக் கீழறை சோர்ந்து உப்புகிறது. 1990-இல் இதனை விவரித்த ஜப்பானிய மருத்துவர்கள், அவ்வறை ஆக்டோபஸ் பிடிக்கும் பானையை ஒத்திருந்ததால் 'டகோட்சுபோ' எனப் பெயரிட்டனர். பெரும்பாலோர் சில வாரங்களில் தேறுவர், சிலர் இறப்பர். எனினும், காப்பிய மாந்தருக்கு நோய்ப்பெயர் சூட்டுவது திறனாய்வாகாது. மன்னனைக் கொன்றது அவன் மனச்சான்று. உடல் அதற்கு உடன்பட்டது.

நம் திறனாய்வாளர் அதிகம் பேசாத மரணங்கள் வேறுண்டு. நீர்ப்படைக் காதையில் மாடலன் வாய்மொழியாக அவற்றை அறிகிறோம். கோவலனின் தந்தையும் கண்ணகியின் தந்தையும் துறவு பூண்டனர். தாயர் இருவரும் துயரால் உயிர்நீத்தனர். அரசன் இறப்புக்கு ஓர் அவையே சாட்சி. இவர்கள் இறப்புக்குச் சில அடிகளே சாட்சி.

அமைதியான துயரமும் இதயத்தைத் தீண்டும். நலமான இதயம் கடிகாரம்போல் துடிப்பதில்லை. மூச்சுக்கேற்பத் துடிப்பின் இடைவெளி கூடியும் குறைந்தும் வரும். அதனை அடக்கி ஆளும் கடிவாளம் வேகஸ் நரம்பு. நீடித்த மனச்சோர்வில் அக்கடிவாளம் தளர்கிறது, அந்நெகிழ்வு குன்றுகிறது. மாரடைப்புக்குப்பின் மனச்சோர்வுற்றோர், ஆறு மாதங்களுக்குள் மற்றவரினும் மிகுதியாக இறந்தனர் என்று 1993-இல் வெளியான மான்ட்ரியால் ஆய்வு காட்டியது.

எனவே, இளங்கோவடிகள் மிகைப்படுத்தவில்லை. அரசனின் வீழ்ச்சியை அரங்கில் வைத்தவர், தாயரின் மறைவையும் விடாது பதிவு செய்தார். வாசகராகிய நாமோ முன்னதைக் கொண்டாடிப் பின்னதை மறந்தோம். வாழ்விலும் அவ்வாறே செய்கிறோம். அடக்கத்தன்று கூடுகிறோம், முப்பதாம் நாளோடு நம் வருகை நின்றுவிடுகிறது. உண்ணாமல், உறங்காமல், பேசாமல் ஒருவர் தேயத் தொடங்குவது பெரும்பாலும் அதற்குப் பின்னரே. அவ்வீட்டின் கதவைத் தட்டுவதும் உயிர்காக்கும் பணியே.