ஊதாமலே எரியுது அடுப்பு

விடிந்ததும் நான் முதலில் போய்ப் பார்ப்பது தொழுவத்துக்குப் பக்கத்தில் இருக்கும் டிரம்மைத்தான். ராத்திரி முழுக்கக் கேஸ் சேர்ந்து, படுக்கப்போகும்போது தொட்டிக்குள் முங்கிக் கிடந்த டிரம், காலையில் ஏறக்குறைய ஒரு முழம் மேலே எழும்பி நிற்கும். மூன்று வருஷமாகத் தினமும் பார்க்கிறேன். இன்னும் அலுக்கவில்லை. தூங்கிக்கொண்டிருந்த நேரத்தில் யாரோ வந்து நமக்காக வேலை செய்துவிட்டுப் போன மாதிரி ஒரு சந்தோஷம்!

ஆலங்குடிப் பக்கம் ஒன்றரை ஏக்கர் செம்மண் பூமி எங்களுடையது. கம்பத்துக் கரண்ட் கிடையாது. கூரைமேல் சோலார் தகடும் கீழே பேட்டரியும் இருக்கின்றன. விளக்கு, ஃபேன், போன் எல்லாவற்றுக்கும் அது தாராளம். பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் சோலாரைப் பற்றித்தான் முதலில் கேட்கிறார்கள். அது நல்ல பொருள்தான், ஆனால் கடையில் வாங்கி மாட்டியது. நான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காட்டுவது கோபர் கேஸ் என்னும் சாண எரிவாயுக் கலனைத்தான். இரண்டு மாடு வைத்திருக்கிற எந்த வீட்டுக்கும் இதைவிடப் பெரிய பாக்கியம் இல்லை என்று அடித்துச் சொல்வேன்.

எங்களிடம் மூன்று நாட்டு மாடுகள். மூன்றும் சேர்ந்து நாளொன்றுக்கு 25 கிலோ சாணம் போடும். ஒரு கன மீட்டர் கலனுக்கு அது சரியான அளவு. ஒரு கிலோ பச்சைச் சாணத்திலிருந்து சுமார் 40 லிட்டர் கேஸ் வரும். கணக்குப் போட்டுப் பாருங்கள், நாலு பேர் இருக்கும் வீட்டுக்கு மூன்று வேளைச் சமையல் ஆகிவிடும்.

சாணம் கரைப்பதை நான் யாருக்கும் விட்டுத்தர மாட்டேன். ஒரு வாளிச் சாணத்துக்கு ஒரு வாளித் தண்ணீர். கரைக்கும் தொட்டியின் வாயில் துணிப்பந்தை வைத்து அடைத்துவிட்டு, முழங்கை வரை உள்ளே விட்டுப் பிசைவேன். விரலுக்கு அகப்படும் வைக்கோல் துணுக்கை எடுத்து வெளியே போட வேண்டும். உள்ளே போனால் அது மிதந்து ஆடை கட்டிக்கொள்ளும். கல்லும் மண்ணும் போனால் அடியில் தங்கிக் கலனின் இடத்தைத் தின்றுவிடும். கட்டி எல்லாம் உடைந்து தோசை மாவுப் பதம் வந்ததும் துணிப்பந்தை உருவினால், களக்கென்று ஒரு சத்தத்தோடு எல்லாம் உள்ளே இறங்கும். அதே நேரம் மறுபக்க வாயில் பழைய கரைசல் வழியத் தொடங்கும். இந்த வேலைக்கு மொத்தம் கால் மணி நேரம்கூட ஆகாது. மார்கழிக் குளிரில் மட்டும், முதல் நாள் வெயிலில் வைத்துச் சூடேறிய தண்ணீரை மூடிவைத்துக் கலக்குவேன். உள்ளே இருக்கும் நுண்ணுயிர்களுக்கு 30 டிகிரிக்கு மேல் கதகதப்பாக இருந்தால்தான் வேலை ஓடும், குளிர்ந்தால் சோம்பிவிடும். காற்றே புகாத இடத்தில் ஒரு கூட்டம் சாணத்தைப் புளிக்கவைத்து அமிலமாக்க, இன்னொரு கூட்டம் அந்த அமிலத்தைத் தின்று மீத்தேனாக்கிக் கொடுக்கிறது. சோப்புத் தண்ணீரோ பினாயிலோ போனால் இரண்டு கூட்டமும் செத்துப்போகும். அதனால் தொழுவம் கழுவுவதற்கு எங்கள் வீட்டில் வெறும் தண்ணீர்தான்.

முதல் நாள் சுடரை மறக்கவே முடியாது. அக்கம்பக்கத்து வீடுகளில் எல்லாம் வாங்கி ஒரு டன்னுக்கு மேல் சாணம் கரைத்து ஊற்றிவிட்டுக் காத்திருந்தோம். டிரம் எழும்பியதும் ஓடிப்போய்ப் பற்றவைத்தால் பற்றவில்லை. முதலில் சேர்வதில் பெரும்பகுதி கரியமில வாயு. அதைத் திறந்து வெளியே விட்டுவிட வேண்டும். இரண்டாம் முறையும் அப்படியே. மூன்றாம் முறை, பதினெட்டாவது நாள் சாயங்காலம், குச்சியைக் கிழித்து நீட்டினேன். பொக்கென்று ஒரு சத்தம், அப்புறம் பர்னரைச் சுற்றி நீலமாக ஒரு வளையம். புகை இல்லை, கரி இல்லை, சாண வாடை துளியும் இல்லை. நாற்பது வருஷம் முள்விறகையும் வரட்டியையும் ஊதி ஊதிக் கண் கலங்கிப்போன என் அத்தை, அடுப்பு முன்னால் அப்படியே உட்கார்ந்துவிட்டார். “ஏத்தா, ஊதாமலே எரியுதே!” என்றார். அதற்குமேல் ஒன்றும் பேசவில்லை. அவருடைய இரும்பு ஊதுகுழல் இப்போது தொட்டியோரம் செருகிக் கிடக்கிறது, குழாயில் வைக்கோல் அடைத்தால் குத்திவிட.

இந்த நெருப்பின் குணத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். இதில் மீத்தேன் 55 முதல் 65 சதவீதம்தான். மீதியில் பெரும்பகுதி எரியாத கரியமில வாயு. அதனால் சிலிண்டர் அடுப்பை அப்படியே மாட்டினால் சுடர் சவலையாக இருக்கும். ஜெட் துளை பெரிதாக உள்ள அடுப்பு வேண்டும். நிதானமான சூடு, அதில் வைக்கும் பருப்பு அவ்வளவு பதமாக வேகும்! ஒரு மழைக்காலத்தில் சுடர் விட்டுவிட்டுத் துள்ளியது, பிறகு அணைந்தேபோனது. கலன் கெட்டுவிட்டதோ என்று பதறிப்போனேன். குழாய் தாழ்ந்த இடத்தில் ஈரம் குளிர்ந்து தண்ணீராகத் தேங்கி வழியை மறித்திருந்தது, அவ்வளவுதான். அந்த இடத்தில் ஒரு திருகு வைத்து, வாரம் ஒருமுறை திறந்து வடித்துவிடுகிறேன். அரை டம்ளர் தண்ணீர் வரும். இணைப்புகளில் கசிவு இருக்கிறதா என்று சோப்பு நுரை தடவிப் பார்ப்பேன். நெருப்புக் குச்சியை அந்தப் பக்கமே கொண்டுபோக மாட்டேன். ஒன்றை மட்டும் எல்லோருக்கும் கண்டிப்பாகச் சொல்கிறேன்: சுத்தம் செய்யக் காலி பண்ணிய குழிக்குள்ளும் ஆள் இறங்கக் கூடாது. உள்ளே தங்கியிருக்கும் வாயு கண்ணுக்குத் தெரியாது, உயிரை எடுத்துவிடும்.

ஒரு கன மீட்டர் கேஸ் சுமார் 0.43 கிலோ சிலிண்டர் கேஸுக்குச் சமம். மாதத்துக்குப் பார்த்தால் ஏறக்குறைய 13 கிலோ. கிட்டத்தட்ட 14.2 கிலோ சிலிண்டர் ஒன்று, மாதா மாதம், தொழுவத்திலிருந்தே!

இது ஒன்றும் புதுக் கண்டுபிடிப்பு இல்லை என்பதுதான் எனக்கு ஆற்றாமை. ஜஷ்பாய் படேல் உருவாக்கிய இந்த மிதக்கும் டிரம் மாதிரியைக் காதி கிராமத் தொழில் ஆணையம் 1960-களிலேயே ஊர் ஊராகக் கொண்டுபோனது. 1984-ல் டிரம்மே இல்லாத, செங்கல் குமிழ் வைத்த தீனபந்து மாதிரியும் வந்தது. எங்கள் பக்கத்திலேயே எத்தனையோ வீடுகளில் பழைய குழிகள் குப்பை நிரம்பிக் கிடக்கின்றன. இரும்பு டிரம் துருப்பிடித்து ஓட்டை விழுந்திருக்கும், ஒட்டித்தர ஆள் வந்திருக்கமாட்டார். இல்லையென்றால் மாட்டை விற்றிருப்பார்கள். எங்களுடையது ஃபைபர் டிரம், துரு என்ற பேச்சே இல்லை. அந்தக் குழிகளைப் பார்க்கும்போதெல்லாம், தூர் வாரி இரண்டு மாட்டைக் கட்டினால் போதுமே என்று மனசு அடித்துக்கொள்ளும்.

கேஸ் பாதி லாபம்தான். மறுபக்கம் வழியும் கரைசல் இருக்கிறதே, அதுதான் மீதிப் பாதி. சாணத்தின் தழைச்சத்து எரிந்துபோகாமல் அதிலேயே இருக்கிறது. வரட்டி தட்டி எரித்தால் அது காற்றோடு போயிருக்கும். இந்தக் கரைசலில் ஈ மொய்க்காது, நாறாது, களை விதைகளும் பெரும்பாலும் செத்துப்போயிருக்கும். வாய்க்காலில் திருப்பிவிட்டால் நேராக வாழைக்கும் கத்தரிக்கும் போகிறது. போன வருஷம் அந்தப் பாத்தியில் காய்த்த சுரைக்காயைத் தூக்க எனக்கு இரண்டு கையும் வேண்டியிருந்தது. தோட்டத்துத் தழையும் தட்டையும் திரும்பத் தொழுவத்துக்கே. கோடையில் தண்ணீர்த் தட்டுப்பாடு வந்தால் சாணம் கரைக்க இதே கரைசலின் தெளிவில் கொஞ்சம் சேர்த்துக்கொள்வேன். மற்ற மாதங்களில் கூரை மழைநீர் இருக்கிறது. ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை விழுந்தால் ஒரு லிட்டர். எங்களுடையது 60 சதுர மீட்டர். ஐப்பசியில் ஒரே நாளில் 50 மில்லிமீட்டர் கொட்டினால் 3,000 லிட்டர்! சிந்தியது சிதறியது போக மிச்சமெல்லாம் தொட்டிக்கு.

விதைக்கும் கடை வாசலை மிதிப்பதில்லை. அதைக் கற்றுக்கொடுத்தது அடுத்த கொல்லை அப்பத்தா. துவரை அறுத்ததும் செம்மண்ணை மாவு சல்லடையில் சலித்து, குழம்பாகக் கரைத்து, விதையை அதில் கொட்டிப் பிசறுவார். ஒவ்வொரு மணியும் சிவப்புச் சட்டை போட்டுக்கொள்ளும். உதிரி உதிரியாகப் பிரித்து வெயிலில் காயவைத்து மண்பானையில் போட்டு மூடினால், வண்டு முட்டை வைக்கத் தோலே கிடைக்காது. அந்த மணிகளை உள்ளங்கையில் எடுத்து உருட்டினால் மழை பெய்த தரை வாசனை வரும். எனக்கு அதைப் போல மனசுக்குப் பிடித்த வாசனை வேறில்லை. சுரை, பீர்க்கு விதைகளைப் பச்சைச் சாணத்தில் பதித்து வரட்டியாகச் சுவரில் தட்டிவிடுவார். ஆடி பிறந்ததும் வரட்டியைப் பிட்டு அப்படியே குழியில் வைப்போம். எல்லாச் சாணமும் கலனுக்கு என்று கணக்குப் பார்க்கும் நான், அந்த நாலு வரட்டிக்கு மட்டும் மறுபேச்சுப் பேசாமல் எடுத்துக்கொடுத்துவிடுவேன்.

புத்தகத்தில் படித்தபோது இதெல்லாம் தனித்தனிப் பாடமாகத் தெரிந்தது. மதுரைப் பக்கம் தே. கல்லுப்பட்டியில் தங்கியிருந்த காந்தியப் பொருளாதார அறிஞர் ஜே.சி. குமரப்பா, இயற்கையிடம் எடுப்பதைத் திருப்பிக் கொடுக்கும் பொருளாதாரம் பற்றி 1940-களிலேயே எழுதியிருக்கிறார். கரூர்ப் பக்கம் வானகம் பண்ணையில் இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் ஐயாவும் மாட்டையும் மண்ணையும் பிரிக்காமல்தான் பேசினார். சாணத்தில் கை வைத்த பிறகுதான் அவர்கள் சொன்னது எனக்குள் இறங்கியது.

உங்கள் வீட்டில் இரண்டு மாடு இருந்தால் ஒருநாள் காலை ஆறு மணிக்கு முன்னால் வாருங்கள். டிரம் எழும்பி நிற்பதைக் காட்டுகிறேன். ஒரு வாளிச் சாணத்தை நீங்களே கரையுங்கள். கை கழுவிவிட்டு வருவதற்குள் அந்த அடுப்பில் கருப்பட்டிக் காப்பி கொதித்திருக்கும்.