வாழைமர நோட்டு: அசலை அறிந்து ரசிப்பது எப்படி?

சிங்கப்பூர் 1942 பிப்ரவரி 15 அன்று ஜப்பானியரிடம் வீழ்ந்தது. 'சியோனான்' என்று பெயர் மாற்றப்பட்ட இந்தத் தீவில் அடுத்த மூன்றரை ஆண்டுகள் புழங்கிய பணத்துக்கு மக்கள் வைத்த பெயர் 'வாழைமர நோட்டு'. 10 வெள்ளி நோட்டில் குலை தள்ளிய வாழை அச்சிடப்பட்டிருந்தது. அந்தப் படத்தின் பெயரே எல்லா நோட்டுகளுக்கும் ஒட்டிக்கொண்டது. 1945இல் பிரிட்டிஷார் திரும்பி வந்ததும் இவை செல்லாக் காசாயின. அன்று செல்லாமல் போன தாளை இன்று பலர் தேடிச் சேகரிக்கிறார்கள். தேடுவோர் பெருகும்போது போலிகளும் பெருகுகின்றன. போலியைக் கண்டுபிடிக்க நல்ல வழி அசலை நன்றாக அறிந்துகொள்வதுதான். அப்படி அறிந்துகொள்வதே இந்த நோட்டுகளை ரசிப்பதும் ஆகும்.

நோட்டு பிறந்த சூழல்

டோபி காட் எம்ஆர்டி நிலையத்துக்கு அருகே, ஹேண்டி ரோட்டில், கேத்தே கட்டடத்தின் பழைய முகப்பு இன்றும் நிற்கிறது. 1939இல் திரையரங்கோடு திறக்கப்பட்ட இந்தக் கட்டடம் ஜப்பானியர் காலத்தில் அவர்களது பிரசாரத் துறையின் இருப்பிடமாயிற்று. 1943 அக்டோபர் 21 அன்று சுபாஷ் சந்திர போஸ் சுதந்திர இந்தியத் (ஆசாத் ஹிந்த்) தற்காலிக அரசை அறிவித்ததும் இங்கேதான். தமிழர்கள் பலர் கூடிய அந்த நாள்களில் சிங்கப்பூரின் கடைகளிலும் சம்பளப் பைகளிலும் இருந்த பணம் இந்த வாழைமர நோட்டுதான். எனவே பல தமிழ்க் குடும்பங்களின் டிரங்குப் பெட்டிகளில் இந்த நோட்டு இன்னும் கிடப்பதில் வியப்பில்லை.

அசலின் அடையாளங்கள்

சிங்கப்பூரிலும் புழங்கிய மலாயாவுக்கான நோட்டுகள் 1, 5, 10, 50 காசுகளிலும் 1, 5, 10, 100, 1000 வெள்ளிகளிலும் வெளிவந்தன. ஒவ்வொன்றின் முகப்பிலும் 'ஜப்பானிய அரசாங்கம்' என்ற பெயர் ஆங்கிலத்தில் இருக்கும். கீழே ஜப்பானிய எழுத்துகள் வரும். படங்கள் எல்லாம் இந்த மண்ணின் காட்சிகள். 5 வெள்ளியில் தென்னையும் பப்பாளியும், 100 வெள்ளியில் நீர்க்கரைக் குடிசையும் மரங்களும், 1000 வெள்ளியில் மாட்டு வண்டியும் உண்டு. 10 வெள்ளியின் பின்புறத்தில் அடிவானத்தில் ஒரு கப்பல் தெரியும்.

அடுத்து கவனிக்க வேண்டியது எழுத்துக்குறி. ஜப்பானியர் தாம் பிடித்த நாடுகளில் பலவற்றுக்கு ஒவ்வொரு முதலெழுத்து வைத்தார்கள். மலாயாவுக்கு 'எம்', பர்மாவுக்கு 'பி', பிலிப்பீன்ஸுக்கு இன்னொரு 'பி' (இவை ஆங்கிலத்தில் வெவ்வேறு எழுத்துகள்), டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகளுக்கு 'எஸ்'. இந்த எழுத்தைத் தொடர்ந்து வரிசை எழுத்து வரும். வெள்ளி நோட்டுகளின் தொடக்க அச்சுகள் சிலவற்றில் வரிசை எண் இருந்தது. பிறகு எண்ணை விட்டுவிட்டு எழுத்துகளை மட்டும் அச்சிட்டார்கள். எண் இல்லாததால் எத்தனை நோட்டு அச்சானது என்ற கணக்கு வெளியே யாருக்கும் பிடிபடவில்லை. விலைவாசி ஏற, நோட்டும் ஏராளமாகக் கொட்டியது. ஆகவே ஒரு நோட்டில் எண் இல்லை என்பது போலிக்கு அடையாளம் ஆகாது. எண் இருக்கும் நோட்டு அரிது என்பதால் அதைத்தான் கூடுதல் கவனத்தோடு பார்க்க வேண்டும்.

தாளிலும் வேறுபாடு உண்டு. சில அச்சுகளின் தாளில் பட்டிழை போன்ற நுண்ணிய நார்கள் கலந்திருக்கும். சிலவற்றில் வெளிச்சத்தில் நீர்க்குறி தெரியும். சிலவற்றில் இரண்டும் இருக்காது. நீர்க்குறி இல்லை என்ற ஒரே காரணத்தால் ஒரு நோட்டைத் தள்ளிவிடக் கூடாது.

போலிகளில் மூன்று வகை

முதல் வகை, ஜப்பானியர் காலத்திலேயே அடித்த கள்ள நோட்டு. வரிசை எண் இல்லாத நோட்டைப் போலியாக அடிப்பது எளிது என்பதால் அன்றே இவை சந்தையில் கலந்தன. இவற்றின் தாளும் மையும் அந்தக் காலத்துக்கே உரியவை. எழுத்துகளின் விளிம்பு மழுங்கியும் கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டியும் இருப்பதுதான் இவற்றைக் காட்டிக்கொடுக்கும். அசல் நோட்டு என்று விற்காமல், காலக் கள்ள நோட்டு என்று சொல்லி விற்றால் இதுவும் வரலாற்றுச் சான்றுதான்.

இரண்டாம் வகை, பிற்காலத்தில் நினைவுப் பொருளாக அச்சிட்ட நகல். பழையது என்று சொல்லாதவரை இதில் குற்றமில்லை. கை மாறிக் கை மாறி, நகல் என்ற சொல் உதிர்ந்துபோன பிறகுதான் சிக்கல் தொடங்குகிறது.

மூன்றாம் வகை, அசல் நோட்டில் கைவைத்தது. சாதாரண நோட்டில் பின்னாளில் எண்ணோ முத்திரையோ சேர்த்து அரிய நோட்டாக்குவது இதில் அடங்கும். தாளும் படமும் அசலாக இருப்பதால் ஏமாறுவது எளிது.

சோதிக்கும் முறை

பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று போதும். வாழை இலையின் நரம்புகளை அதன் வழியே பார்க்க வேண்டும். அசலில் ஒவ்வொரு கோடும் ஒரே நிறத்தில் முழுக் கோடாகத் தெரியும். தற்கால நகலில் அதே கோடு நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்புப் புள்ளிகளாகச் சிதறும். வண்ணப் படத்தைப் பிரதி எடுத்து அச்சிட்டதற்கு அந்தப் புள்ளிகளே சாட்சி.

அடுத்து புறஊதா விளக்கு. தாளை வெண்மையாகக் காட்டும் ஒளிர்வேதிப் பொருள்கள் போருக்குப் பிந்திய காலத்தில்தான் காகிதத்தில் பரவலாயின. இருட்டறையில் விளக்கைப் பிடித்தால் அத்தகைய தாள் நீலவெண்மையாக மின்னும். அசல் நோட்டு மங்கலாகவே கிடக்கும். மின்னும் நோட்டை வாங்கக் கூடாது. மின்னாத நோட்டு அசல் என்று அதற்காக முடிவு செய்துவிடவும் கூடாது. பழைய வெற்றுத்தாளில் புதிதாக அச்சிடவும் முடியும்.

மூன்றாவது, வயதின் சுவடு. பல முறை மடித்த நோட்டில் மடிப்புக் கோட்டில் நார் தளர்ந்து மை உதிர்ந்திருக்கும். மூலைகள் உருண்டிருக்கும். பழுப்பு ஓரிடத்தில் அடர்ந்தும் ஓரிடத்தில் வெளிறியும் இருக்கும். தேநீரில் தோய்த்துப் பழசாக்கிய நகலில் பழுப்பு எங்கும் ஒரே சீராகப் படியும். மடிப்பின் மேல் மை சேதமில்லாமல் ஓடும்.

நான்காவது, எண். எண்ணின் மை தாளுக்குள் ஊறியிருக்கிறதா, மடிப்பின் மேல் ஏறி நிற்கிறதா என்று லென்ஸில் பார்க்க வேண்டும். நோட்டு மடிந்த பிறகு சேர்த்த எண், மடிப்பின் பள்ளத்துக்குள்ளும் மை வழியவிட்டிருக்கும். கடைசியாக, ஐயமற்ற ஒரு நோட்டை அருகில் வைத்து நீள அகலத்தையும் எழுத்து வடிவத்தையும் ஒப்பிட வேண்டும். மலிவாகக் கிடைக்கும் சாதாரண அசல் நோட்டு ஒன்றை நம்பகமான வணிகரிடம் முதலில் வாங்கி வைத்துக்கொள்வது இதற்கு உதவும்.

ஆசாத் ஹிந்த் தொடர்பானவை

கேத்தேயில் பிறந்த அரசின் பெயரைத் தாங்கும் பொருள்களுக்குத் தேவை அதிகம். எனவே அவற்றில் எச்சரிக்கையும் அதிகம் வேண்டும். ஆசாத் ஹிந்த் தபால்தலைகள் பெர்லினில் ஜெர்மனியின் அரசு அச்சகத்தில் 1943இல் அச்சிடப்பட்டவை. அவை அஞ்சலில் புழக்கத்துக்கு வரவே இல்லை. ஆகவே முத்திரை குத்தி அஞ்சலில் வந்ததாகக் காட்டும் உறையைக் கண்டால் அதை முதலில் சந்தேகிக்க வேண்டும். பதக்கம், தொப்பி, பணத்தாள் என்று விற்கப்படும் மற்றவற்றுக்கும் இதே விதி பொருந்தும். எந்தக் குடும்பத்திலிருந்து எப்படி வந்தது என்ற எழுத்துச் சான்று இல்லாமல், மனத்தைத் தொடும் கதையை மட்டும் நம்பிப் பெருந்தொகை கொடுக்கக் கூடாது.

காப்பது

ஒரு காலத்தில் வெளுப்பதற்குப் பெயர்போன டோபி காட்டில் வாங்கினாலும், நோட்டை மட்டும் துவைத்து இஸ்திரி போடக் கூடாது. கழுவினால் நார் தளரும். இஸ்திரி போட்டால் மதிப்புக் குறையும். கிழிசலில் செலோடேப் ஒட்டினால் பசை மஞ்சளாகித் தாளைத் தின்னும். பிவிசி உறையைத் தவிர்த்து, பாலியெஸ்டர் உறையில் வைத்து, வெயிலும் ஈரமும் படாத இடத்தில் பாதுகாக்க வேண்டும். உறைக்குள், எங்கே, எப்போது, யாரிடம் வாங்கியது என்ற துண்டுச் சீட்டும் இருக்க வேண்டும்.

டோபி காட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில், ஸ்டாம்ஃபோர்டு ரோட்டில், தேசிய அரும்பொருளகம் இருக்கிறது. வாங்கத் தொடங்கும் முன் அங்கே சென்று, அந்தக் காலத்துப் பொருள்களைக் கண்ணாடிக்கு முன் நின்று பொறுமையாகப் பார்ப்பது நல்லது. அசலில் பழகிய கண்ணே போலியை முதலில் அடையாளம் காணும்.