விலகிச் சேரும் இரண்டு கிதார்கள்

கிங் கிரிம்சனை வெறும் ராக் குழு என்று சொன்னால் மனசு ஒப்பாது. ராபர்ட் ஃபிரிப்பின் கிதாரில் ஹெண்ட்ரிக்ஸும் உண்டு, ஹங்கேரியின் இசையமைப்பாளர் பார்டோக்கும் உண்டு. 1973இல் வந்த இந்தக் குழுவின் ஆல்பமோ கட்டைவிரலால் மீட்டும் ஆப்பிரிக்கக் கருவியில் தொடங்கும். வயலின் பிறகுதான் வரும்.

என் ஓட்டு 1981இன் ‘டிசிப்ளின்’ ஆல்பத்துக்கே. இந்தோனேசியாவின் கமெலான் இசைப் பாணியில் இரண்டு கிதார்கள் பின்னிக்கொள்கின்றன. ‘ஃபிரேம் பை ஃபிரேம்’ பாட்டைக் கேளுங்கள்: ஃபிரிப்பும் ஏட்ரியன் பிலூவும் ஏழு எண்ணிக்கையில் ஒரே வரிசையை வாசிக்கிறார்கள். ஒருவர் அவ்வப்போது நைசாக ஒரு ஸ்வரத்தை விட்டுவிடுகிறார். இடைவெளி கூடிக்கொண்டே போகும். தாளம் போடுகிற கை தடுமாறும். சரி, தொலைந்தார்கள் என்று நினைக்கும்போது இரண்டும் பிசகாமல் ஒன்றுசேரும். பில் புரூஃபோர்டின் டிரம்ஸ் மட்டும் இதற்கெல்லாம் அசருவதாகவே தெரியவில்லை.