விளக்கை நகர்த்துவது: உருவப்படப் பட்டறைகள் குறித்துச் சில விமர்சனங்கள்

ஈப்போ பழைய நகரில் ஒரு கடைவீட்டின் மாடி. பன்னிரண்டு பேர், மூன்று ஃபிளாஷ், ஒரு கருந்திரை, ஒரு மாடல். கட்டணம் கொஞ்சம் கூடத்தான். ஆனாலும் ‘கையால செஞ்சு கத்துக்கலாம்’ என்று போட்டிருந்ததால் போனேன். பொறியியல் படித்தவன் நான். லேப்பில் கை வைக்காமல் எதுவும் மண்டையில் ஏறாது என்பது அனுபவம்.

காலைப்பொழுது உண்மையிலேயே நன்றாக இருந்தது. விளக்கை ஒரு மீட்டரிலிருந்து இரண்டு மீட்டருக்குத் தள்ளினால் முகத்தில் விழும் ஒளி பாதியாகாது, கால்பங்காகும். படிவம் ஐந்தில் சூத்திரமாகப் படித்ததை அன்றுதான் ஒரு கன்னத்தில் பார்த்தேன். விளக்கு நாற்பத்தைந்து பாகையில் சற்று உயரத்தில் நின்றால் நிழல் விழும் கன்னத்தில் முக்கோணமாக ஒரு வெளிச்சம் வரும். அதற்கு ரெம்பிராண்ட் பெயர். நேர் மேலே வைத்தால் மூக்கின் கீழ் வண்ணத்துப்பூச்சி.

மதியம் மாடல் சாப்பிடப் போனார். அவர் நல்ல வெளுத்த நிறம். அவர் இடத்தில் என்னை உட்காரச் சொன்னார்கள். விளக்கு அதே இடம், எஃப் 8, ஐஎஸ்ஓ 100, எதுவும் மாறவில்லை. திரையில் வந்த படத்தில் நெற்றியில் எண்ணெய் மாதிரி ஒரு வெள்ளைத் திட்டு. முடி கருந்திரையோடு கரைந்துவிட்டது. பயிற்றுநர் சிரித்துக்கொண்டே, “நீங்க கொஞ்சம் கறுப்பு, அதான். போட்டோஷாப்ல ஏத்திக்கலாம்” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

அவர் கெட்டவர் இல்லை. அவருக்குச் சொல்லிக்கொடுத்ததை அவர் சொன்னார். ஆனால் அது தொழில்நுட்ப ரீதியாகவே தவறு. கறுத்த முகத்தின் வடிவம் நிழலால் தெரிவதைவிட, தோலில் படும் பளபளப்பால்தான் அதிகம் தெரிகிறது. சிறிய கடுமையான விளக்கு அந்தப் பளபளப்பை ஒரு திட்டாகச் சுருக்கிவிடும். பெரிய சாஃப்ட்பாக்ஸைப் பக்கவாட்டில் கொண்டுவந்தால் அதே பளபளப்பு கன்னமேட்டில் பரவி முகத்தைச் செதுக்கும். பின்னாலிருந்து ஒரு சின்ன விளக்கு போட்டால் முடி திரையிலிருந்து பிரியும். வெளிச்சத்தை ஏற்ற வேண்டிய அவசியமே இல்லை. விளக்கை நகர்த்தினால் போதும். அரை நிமிட வேலை.

அந்த அரை நிமிடம் ஏன் பாடத்திட்டத்தில் இல்லை? இதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. கோடாக் நிறுவனம் பல பத்தாண்டுகள் அச்சகங்களுக்கு ஒரு மாதிரி அட்டை அனுப்பியது. அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண். ‘ஷெர்லி அட்டை’ என்பார்கள். அவள் தோல் சரியாக வந்தால் வண்ணம் சரி என்று அர்த்தம். கனடா ஆய்வாளர் லோர்னா ராத் 2009இல் எழுதிய கட்டுரையில் ஒரு செய்தி உண்டு. பழுப்பு நிறங்களை நன்றாகக் காட்டும் ஃபிலிமுக்குக் கோடாக்கை நெருக்கியவர்களில் சாக்லெட் விளம்பரக்காரர்களும் மரச்சாமான் விற்பவர்களும் இருந்தார்களாம். மேசையின் நிறம் சரியாக வரவேண்டும் என்ற அக்கறையில் நம் முகத்துக்கும் கொஞ்சம் நன்மை கிடைத்தது.

இதை வெள்ளைக்காரன் சதி என்று முடித்துவிட முடியாது. தமிழ் ஸ்டூடியோக்களிலும் நெகட்டிவின் மேல் பென்சில் தீட்டுவார்கள். நெகட்டிவில் கருமை ஏறினால் அச்சில் அந்த இடம் வெளுக்கும். உட்கார்ந்தவர்களும் பவுடர் அப்பிக்கொண்டுதான் வந்தார்கள். பயிற்றுநரின் ‘ஏத்திக்கலாம்’ அந்தப் பென்சிலின் பேரன். நம்ம ஆசையும் அதில் கலந்திருக்கிறது.

ஆனால் தோட்டத்து மக்களுக்கு ஸ்டூடியோ வரை போகவே வாய்ப்பு குறைவு. காலனிய காலத்து அஞ்சலட்டைகளில் நம்மவர்கள் இருக்கிறார்கள், பெயர் இல்லாமல். ‘தமிழ்ப் பெண்’, ‘தமிழ்க் கூலி’ என்ற இனப்பெயர்தான் தலைப்பு. பிறகு 1948 ஜூன் 16இல் சுங்கை சிப்புட்டில் மூன்று ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் கொல்லப்பட்டார்கள். அவசரகாலம் வந்தது. பன்னிரண்டு வயது தாண்டிய எல்லோருக்கும் படமும் கைரேகையும் பதித்த அடையாள அட்டை வந்தது. லயத்தில் பிறந்து வளர்ந்த பலருக்கு வாழ்க்கையின் முதல் உருவப்படமே அதுவாகத்தான் இருந்திருக்கும். அரசாங்கம் தன் பாதுகாப்புக்காக எடுத்துக்கொண்ட படம்.

எங்கள் வீட்டில் தாத்தாவுக்கு இருப்பது அப்படி ஒரு ஐ.சி. படம் மட்டும்தான். இறந்தபோது அதைப் பெரிதாக்கி மாலை போட்டோம். பெரிதாக்கியதில் கண் இரண்டும் புள்ளிகளாகிவிட்டன. பாட்டி ஒருநாள், “என்னையாச்சும் நல்லா எடுத்து வெச்சிரு. ஐ.சி. படத்தப் பெருசாக்கி மாட்டிடாத” என்றார். நான் பட்டறைக்குப் போனதற்கு உண்மையான காரணம் இதுதான்.

கற்றதை வைத்து முதலில் எடுத்தேன். கறுப்புத் துணி, ஒற்றை விளக்கு, ஒவ்வொரு சுருக்கமும் தெரியும்படி. இன்ஸ்டாகிராமில் நண்பர்கள் ‘தோட்ட வரலாறே இந்த முகத்தில் இருக்கு’ என்றார்கள். பாட்டி பார்த்துவிட்டு, “இது யாருடா கெழவி?” என்றார். யோசித்தால், நானும் ஒரு அஞ்சலட்டைதான் தயாரித்திருக்கிறேன். தலைப்பு மட்டும் மரியாதையாக மாறியிருக்கிறது.

இரண்டாம் முறை எங்கே உட்காரணும் என்று அவரையே கேட்டேன். சமையலறைக் கதவோரம் என்றார். சேலை மாற்றிக்கொண்டு, கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு வந்தார். எதிர்ப்பக்கம் வெள்ளைப் போர்வையைக் கட்டினேன். கதவு வழியே வந்த ஒளி போர்வையில் பட்டுத் திரும்பியது. பட்டறையில் கற்ற கணக்கு இல்லாமல் அந்தப் படம் வந்திருக்காது. கணக்கு மட்டும் இருந்தாலும் வந்திருக்காது.

இலக்கிய நண்பர்கள் சிலர், “டெக்னிக் எல்லாம் வெறும் பொறியாளர் வேலை, மனசுதான் முக்கியம்” என்பார்கள். எனக்கு உடன்பாடில்லை. மனசு நிறைய அன்பு வைத்துக்கொண்டு எடுத்த எத்தனையோ கல்யாணப் படங்களில் நம் அத்தைகளின் முகம் வெறும் இருட்டு. வெள்ளைச் சட்டையும் வெள்ளைப் பந்தலும் நிறைந்த காட்சியில் கேமராவின் மீட்டர் ஏமாந்து எல்லாவற்றையும் இருட்டாக்கும். கறுத்த முகத்தை மட்டும் நெருங்கி அளந்தாலோ அதைச் சாம்பலாக வெளுக்கும். முகத்திலிருந்து திரும்பும் ஒளியை விட்டுவிட்டு முகத்தின் மேல் விழும் ஒளியை அளக்கும் கைமீட்டர் ஒன்று உண்டு. அதற்கு யார் கறுப்பு, யார் சிவப்பு என்பது பொருட்டில்லை. அதைப் பயன்படுத்தத் தெரியாததும் ஒரு வகை அநியாயம்தான்.

ஆகவே பட்டறைகள் வேண்டாம் என்று சொல்லவில்லை. இன்னும் நிறைய வேண்டும். ஈப்போவோடு நிற்காமல் தாப்பா, பீடோர், சுங்கை சிப்புட் என்று போக வேண்டும். ஆனால் இரண்டு விஷயம் மாற வேண்டும். ஒன்று, கற்கிற ஒவ்வொருவரும் பாதி நேரம் அந்த நாற்காலியில் உட்கார வேண்டும். எல்லா நிறமும் அந்த நாற்காலிக்கு வரும்போது ஒரே இடத்தில் விளக்கை நட்டுவைக்க முடியாது. இரண்டு, எடுத்த படத்தை அச்சடித்து, உட்கார்ந்தவர் கையில் கொடுத்து, அவர் சொல்வதைக் கேட்க வேண்டும். நாங்கள் அன்று எடுத்த நூற்றுக்கணக்கான படங்களில் அந்த மாடலிடம் ஒன்றுகூட போய்ச் சேரவில்லை. அவர் பெயரையும் நான் கேட்கவில்லை.

புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் சார்ந்த ஆய்வாளர்கள் தமிழ்நாட்டின் பழைய ஸ்டூடியோப் படங்களைத் தேடி மின்வடிவமாக்கியிருக்கிறார்கள். அந்தத் தேடலை நாம் நம் வீட்டு பிஸ்கட் டின்களிலிருந்து தொடங்கலாம். படத்துக்குப் பின்னால் பெயரைப் பென்சிலில் எழுதிவைக்கலாம். பென்சிலுக்கு அதைவிட நல்ல வேலை கிடையாது.

கதவோரம் எடுத்த படத்தைப் பாட்டி ரொம்ப நேரம் பார்த்தார். “ம்ம். இது நானு” என்றார். பிறகு, “காது தோடு சரியா தெரியல, இன்னொண்ணு எடு” என்றார். அடுத்த ஞாயிறு விளக்கை இன்னும் கொஞ்சம் இடப்பக்கம் நகர்த்த வேண்டும்.