முதல் ஐந்து நிமிடம்: வீடியோ கேம்கள் யாரை வரவேற்கின்றன?

பழைய வீடியோ கேம்களை நினைத்து ஏங்குகிறவர்கள் அடிக்கடி முன்வைக்கும் ஒரு வாதம் உண்டு. அந்தக் காலத்து விளையாட்டுகள் ஆடுபவரை நம்பின. எதையும் விளக்காமல் களத்தில் இறக்கிவிட்டன. விழுந்து எழுந்து கற்றுக்கொண்டோம் என்பார்கள். இன்றைய விளையாட்டுகள் கையைப் பிடித்து நடத்துகின்றன, நொடிக்கொரு தரம் ‘இந்தப் பட்டனை அழுத்து’ என்கின்றன, ஆடுபவரைக் குழந்தையாக்குகின்றன என்பது அவர்களுடைய குறை. இந்த வாதத்தில் உண்மை கொஞ்சம் இருக்கிறது. ஆனால் அதில் வரும் ‘ஆடுபவர்’ யார் என்று யாரும் கேட்பதில்லை.

ஒரு விளையாட்டு தன்னை அறிமுகம் செய்துகொள்ளும் முதல் ஐந்து நிமிடத்தைக் கவனித்தால் இரண்டு விஷயங்கள் தெரிந்துவிடும். வாசலில் யார் வந்து நிற்பார் என்று அது எதிர்பார்த்தது என்பது ஒன்று. யாருடைய உடலை வைத்துப் பாடம் நடத்துகிறது என்பது இன்னொன்று. பழையதா புதியதா என்ற சண்டையைவிட நமக்கு இந்த இரண்டும் முக்கியம்.

முதலில் அந்தப் புகழ்பெற்ற ‘நம்பிக்கை’யைப் பார்ப்போம். 1972இல் அட்டாரி நிறுவனம் ‘பாங்’ விளையாட்டை மதுக்கூடங்களில் வைத்தபோது, பந்தைத் தவறவிடாமல் ஆடினால் அதிகப் புள்ளி கிடைக்கும் என்ற ஒற்றை வரிதான் அதன் முக்கியமான விளக்கம். பெட்டிக்குள் நாணயம் விழ வேண்டும்; நாணயம் விழ வேண்டுமானால் ஆடுபவர் சீக்கிரம் தொடங்க வேண்டும், சீக்கிரம் தோற்கவும் வேண்டும். நீண்ட விளக்கத்துக்கு அந்த வியாபாரத்தில் இடமில்லை. பின்னாளில் நாம் நம்பிக்கை என்று பெயர் வைத்ததற்குப் பின்னால் இப்படி ஒரு கல்லாப்பெட்டிக் கணக்கும் இருந்தது.

1980இல் ஜப்பானின் நாம்கோ நிறுவனம் வெளியிட்ட ‘பேக்-மேன்’ இந்த வாசலைக் கொஞ்சம் அகலமாகத் திறக்கப் பார்த்தது. ஆண்கள் மொய்த்துக் கிடந்த ஆர்கேட் கூடங்களுக்குப் பெண்களும் ஜோடிகளும் வர வேண்டும் என்று நினைத்ததை அதன் வடிவமைப்பாளர் டோரு இவாடானி பின்னர் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். சுடுவதற்குப் பட்டன் கிடையாது; ஒரே ஒரு ஜாய்ஸ்டிக் போதும். நாணயம் போடுவதற்கு முன்பே திரை நான்கு பேய்களையும் பெயர் சொல்லி அறிமுகப்படுத்தும். பெண்களை மனதில் வைத்ததும் அறிமுகம் எளிதாகியது, அந்த எளிமை எல்லோருக்கும் பயன்பட்டது. கூடவே, பெண் என்றால் தின்பண்டம் பிடிக்கும் என்ற பொதுப்புத்தியும் ஒட்டிக்கொண்டு வந்தது. 1982இல் ‘மிஸ் பேக்-மேன்’ வந்தபோது, அதே மஞ்சள் வட்டத்தைப் பெண்ணாக்க ஒரு ரிப்பனும் உதட்டுச்சாயமும் ஒரு மச்சமும் தேவைப்பட்டன.

அடுத்த உதாரணம் 1981இல் நின்டெண்டோ வெளியிட்ட ‘டான்கி காங்’. அதன் தொடக்கத்தை இன்றும் வடிவமைப்பு வகுப்புகளில் பாராட்டலாம். ஒரு பெரிய குரங்கு ஒரு பெண்ணைத் தூக்கிக்கொண்டு ஏணியில் ஏறுகிறது. உச்சியில் அவளை இறக்கிவிட்டு ஓங்கி மிதிக்கிறது. நேராக இருந்த இரும்புப் பாலங்கள் சரிகின்றன. அவ்வளவுதான். எதிரி யார், எந்தத் திசையில் போக வேண்டும், ஏன் போக வேண்டும் எல்லாம் ஒரு சொல் இல்லாமல் புரிந்துவிடும். ஆனால் இந்தச் சிக்கனம் எதைச் செலவழித்துக் கிடைத்தது? அந்தப் பெண் அங்கே ஓர் அம்புக்குறி. உதவி கேட்பதும் கையசைப்பதும் தவிர அவளுக்கு வேலை இல்லை. தூக்கிச் செல்லப்படும் பெண்ணைப் பார்த்தவுடன் பின்னால் ஓட வேண்டும் என்று உலகத்துக்கே தெரியும். அதனால்தான் விளக்கம் தேவைப்படவில்லை. விளக்காமல் புரியும் விஷயங்கள் பெரும்பாலும் ஆணாதிக்கம் ஏற்கெனவே விளக்கி முடித்துவிட்ட விஷயங்கள்.

1985இல் வந்த ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ்’ விளையாட்டின் முதல் கட்டம் இதைவிட நுட்பமானது. மாரியோ இடது பக்கம் வலதுபுறம் பார்த்து நிற்கிறான். போக வேண்டிய திசை தெரிகிறது. முதல் எதிரி மெதுவாக வருகிறது, குதிக்கக் கற்கிறோம். கட்டையை முட்டினால் வெளிவரும் காளான் வலப்பக்கம் உருண்டு, குழாயில் மோதி, நம்மை நோக்கியே திரும்பி வருகிறது. தப்ப நினைத்தாலும் அது நல்லது என்று தெரிந்துகொள்கிறோம். வெறும் 40 கிலோபைட் கார்ட்ரிட்ஜுக்குள் அடங்கிய ஆசிரியம் இது. இளவரசியைக் கடத்திய கதை மட்டும் பெட்டியோடு வந்த கையேட்டில் இருந்தது. ஆட்டத்தில் கோட்டை கோட்டையாகப் போனாலும் அவள் வேறு கோட்டையில் இருப்பதாகவே சொல்வார்கள்.

மறு ஆண்டு வந்த ‘மெட்ராய்டு’ இந்தப் பாடத்தைத் தலைகீழாக்கியது. வலப்பக்கம் போனால் ஓரிடத்தில் நிற்க வேண்டியிருக்கும். தேவையான திறன் இடப்பக்கம் கிடக்கிறது. திசை பற்றிய பழக்கத்தையே சந்தேகிக்கச் சொன்ன விளையாட்டு இது. கவசத்துக்குள் இருந்த சாமுஸ் ஒரு பெண் என்பது முடிவில்தான் தெரியும்; ஆங்கிலக் கையேடு அவரை ஆண் என்றே குறிப்பிட்டது. பெண் நாயகியை அறிமுகத்தில் மறைத்துப் பரிசாக வைத்தார்கள். எவ்வளவு விரைவாக முடிக்கிறோமோ அவ்வளவு குறைந்த உடையில் அவர் தோன்றுவார். ஆடுபவர் ஒரு பெண்ணாக இருந்தால், அது அவளுக்கு எப்படிப்பட்ட பரிசு?

விழுந்து எழுந்து கற்கும் உரிமையும் எல்லோருக்கும் ஒரே அளவில் கிடைத்ததில்லை. தோற்பதற்கு நாணயம் வேண்டும், நேரம் வேண்டும், வெளியில் நிற்க அனுமதி வேண்டும். வீட்டுக்கு ஒரு கன்ட்ரோலர் வந்தால் அது யார் கையில் முதலில் போகும் என்று கேட்டுப் பாருங்கள். பெண்கள் அந்த உலகத்தில் இல்லாமல் இல்லை. ‘சென்டிபீடு’ விளையாட்டை 1981இல் எட் லாகுடன் சேர்ந்து உருவாக்கியவர் டோனா பெய்லி. 1982இல் ‘ரிவர் ரெய்டு’ உருவாக்கியவர் கரோல் ஷா. பெண்கள் இருந்தபோதும், திரும்பத் திரும்பத் தோற்க இடம் கொடுக்கப்பட்டது பையன்களுக்குத்தான். சொல்லிக் கொடுக்காமல் கற்க வைப்பது நம் பெண்களுக்குத் தெரியாத சங்கதியும் அல்ல. புகுந்த வீட்டுச் சமையலறையில் உப்பு எந்த டப்பாவில் இருக்கிறது என்று யாரும் சொல்வதில்லை. குழம்பில் உப்பு குறைந்தால் மட்டும் எல்லோரும் சொல்வார்கள். அந்த ஏற்பாட்டை நாம் யாரும் நம்பிக்கை என்று அழைப்பதில்லை.

அப்படியானால் விளக்கிச் சொல்லும் புதிய விளையாட்டுகள் நமக்கு நெருக்கமானவையா? ஒரே கதாபாத்திரத்தை 17 ஆண்டு இடைவெளியில் வைத்துப் பார்க்கலாம். 1996இல் வந்த முதல் ‘டூம் ரைடர்’ விளையாட்டில் பயிற்சி வேண்டுமானால் லாரா கிராஃப்டின் வீட்டுக்குப் போக வேண்டும். தன் மாளிகைக்கு நம்மை வரவேற்பது அவர்தான். எந்தப் பட்டனை அழுத்தினால் குதிக்கலாம், எப்படித் தொங்கலாம், எப்படி நீந்தலாம் என்று அவரே தன் குரலில் சொல்கிறார். வீடு அவருடையது, திறமை அவருடையது; நாம் விருந்தாளி. நீச்சலை முடித்ததும் நனைந்த உடையைக் கழற்ற வேண்டும் என்று ஒரு கண்சிமிட்டல் வரியையும் அவர் வாயில் வைத்திருக்கிறார்கள். உடலும் ஆண் பார்வைக்காகவே வரையப்பட்டது. அத்தனைக்கும் பிறகும் அங்கே ஆசிரியை அவர்தான்.

2013இல் அதே பெயரில் தொடர் புதிதாகத் தொடங்கப்பட்டது. உடல் அளவுகள் மாறின. முதன்மை எழுத்தாளராக ரியானா பிராட்செட் என்ற பெண் இருந்தார். பல பெண்கள் அதை விரும்பி ஆடினார்கள். இப்போது அதன் தொடக்கத்தைப் பாருங்கள். கப்பல் உடைகிறது. இளம் லாரா ஒரு குகையில் தலைகீழாகத் தொங்குகிறார். முதல் பாடம், உடலை ஆட்டிக் கட்டை எரித்துக்கொள்வது. விழுந்ததும் விலாவில் கம்பி குத்துகிறது. அடுத்த பாடம், அதைப் பிடுங்குவது. ஊர்ந்து வெளியேறும்போது ஓர் ஆண் காலைப் பிடித்து இழுக்கிறான். அடுத்த பாடம், உதைப்பது. பட்டன் பெயர்கள் திரையில் மின்னுகின்றன. லாரா மூச்சிரைக்கிறார், கதறுகிறார். ஆனால் நமக்கு எதையும் சொல்லித் தருவதில்லை. அறிவுரை அவர் தலைக்கு மேல், அவருக்குத் தெரியாமல், விளையாட்டுக்கும் நமக்கும் இடையே நடக்கிறது. வெளியீட்டுக்கு முந்தைய ஆண்டு அதன் நிர்வாகத் தயாரிப்பாளர் ஒருவர், ஆடுபவர்கள் லாராவாகத் தங்களை நினைத்துக்கொள்வதைவிட அவரைப் பாதுகாக்கவே விரும்புவார்கள் என்ற பொருளில் பேசியது சர்ச்சையானது. முதல் ஐந்து நிமிடத்தைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பேச்சில் புதிதாக ஒன்றும் இல்லை. ஆசிரியை பாடப்பொருளாகிவிட்டார்.

அதே 2013இல் வந்த ‘தி லாஸ்ட் ஆஃப் அஸ்’ இன்னும் மென்மையாகத் தொடங்குகிறது. அப்பாவின் பிறந்தநாளுக்குக் கடிகாரம் பரிசளித்துவிட்டுத் தூங்கும் சாரா என்ற 12 வயதுச் சிறுமி நள்ளிரவில் விழிக்கிறாள். அவளை நடத்துவது நாம். நடக்க, சுற்றிப் பார்க்க, கதவைத் திறக்க நாம் கற்பது அவள் உடலில். சிறிது நேரத்தில் கட்டுப்பாடு அப்பா ஜோயலிடம் போகிறது. ஒரு சிப்பாயின் குண்டில் சாரா இறக்கிறாள். பிறகு கதை 20 ஆண்டு தாண்டி ஜோயலின் துயரமாகத் தொடர்கிறது. கலங்காமல் அந்தக் காட்சியைக் கடக்க முடியாது. நல்ல எழுத்து, நல்ல நடிப்பு. ஆயினும் கணக்கு பழையதுதான். டான்கி காங்கின் பெண் திசை காட்டினாள். சாரா காரணம் காட்டுகிறாள். ஓர் ஆண் கிளம்புவதற்கு ஒரு பெண் தூக்கப்பட வேண்டும், இல்லையென்றால் சாக வேண்டும்.

ஆகவே அளந்து பார்க்க வேண்டியது விளக்கத்தின் அளவை மட்டும் அல்ல. 2018இல் வந்த ‘செலஸ்ட்’ கடினமான விளையாட்டு. மேடலின் என்ற இளம்பெண் மலை ஏறுகிறாள். தொடக்கத்தில் பாலம் இடிந்து அவள் விழப்போகும் நொடியில் காலம் உறைந்து நிற்கிறது. ஒரு சிறு பறவை எப்படிப் பாய வேண்டும் என்று காட்டுகிறது. வேண்டுமானால் வேகத்தைக் குறைத்துக்கொள்ளவும் சாகாமல் ஆடவும் தனி வசதி உண்டு. தோற்பதற்கு நேரமில்லாதவருக்கும், கைவிரல் ஒத்துழைக்காதவருக்கும் அங்கே இடமிருக்கிறது. இதைக் குழந்தையாக்குவது என்று கேலி செய்பவர்கள், தங்களுக்கு எப்போதோ கிடைத்துவிட்ட நேரத்தைத் திறமை என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

கடைசியாக 2023இல் டொரான்டோவின் விசை கேம்ஸ் உருவாக்கிய ‘வெண்பா’. 1980களில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பத்தின் கதை. முதல் வேலை, கணவர் பாவலனுக்கு இட்லி செய்வது. வெண்பாவிடம் அம்மாவின் சமையல் குறிப்பேடு இருக்கிறது. பக்கங்கள் கிழிந்திருக்கின்றன, எழுத்து அழிந்திருக்கிறது. ஆவி எல்லா இட்லிக்கும் போகத் தட்டுகளை எப்படி அடுக்குவது என்பதை நாம்தான் ஊகிக்க வேண்டும். தப்பாகிவிட்டால் மறுபடி செய்யலாம். குறிப்பு வேண்டுமென்றால் கேட்கலாம். பழைய விளையாட்டுகளின் புதிர் இங்கே இருக்கிறது, புதிய விளையாட்டுகளின் பொறுமையும் இருக்கிறது. பெண்ணை மறுபடியும் அடுப்படியில் நிறுத்திவிட்டதே என்ற கேள்வி நியாயமானது. அதைக் கைவிட வேண்டியதில்லை. ஆனால் இங்கே பாடம் ஒரு பெண்ணின் காயத்திலிருந்து வரவில்லை. தூரத்தில் இருக்கும் இன்னொரு பெண் தன் கையால் எழுதி வைத்ததிலிருந்து வருகிறது. நாம் கற்கும்போது வெண்பாவும் நம்மோடு சேர்ந்து கற்கிறாள்.

அடுத்து நீங்கள் ஆடப்போகும் விளையாட்டு எதுவானாலும், முதல் ஐந்து நிமிடத்தில் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். சொல்லித் தருவது யார் குரல்? அடிபடுவது யார் உடல்? தோற்றால் திரும்பி வர எனக்கு வழி விட்டிருக்கிறார்களா? விமர்சனத்தை அங்கிருந்து தொடங்கலாம்.