ஆறு நாலாவது இடங்களும் ஒரு தப்புக் கணக்கும்

2024 பாரிஸ் ஒலிம்பிக்ஸ் முடிஞ்சதும் ஒரு கணக்கு எல்லார் வாயிலயும் ஓடுச்சு. இந்தியாவுக்குக் கிடைச்சது 6 பதக்கம், நாலாவது இடம் வந்தது 6 தடவை, ஆக நாம கிட்டத்தட்ட 12 பதக்கம் வாங்கின நாடு! நானும் இதை நாலு பேருக்குச் சொன்னவன்தான். அப்புறம் உக்காந்து யோசிச்சப்போ உறுத்துச்சு.

முதல்ல தரவரிசையைப் பார்த்துடலாம். டோக்கியோவில் 7 பதக்கம், 48ஆவது இடம். பாரிஸில் 6 பதக்கம், 71ஆவது இடம். ஒரு பதக்கம் குறைஞ்சதுக்கு 23 இடம் சரிவா? காரணம், பட்டியல் தங்கத்தை வச்சு அடுக்கப்படுது. டோக்கியோவில் நீரஜ் சோப்ராவின் தங்கம் இருந்தது. பாரிஸில் அவர் 89.45 மீட்டர் எறிந்து வெள்ளி வாங்கினார். 92.97 மீட்டர் எறிந்த அர்ஷத் நதீமின் ஒரே தங்கத்தால பாகிஸ்தான் நமக்கு மேல 62ஆவது இடத்துக்குப் போயிருச்சு. அதனால "71" என்ற எண்ணை வச்சு ஒப்பாரி வைக்கறதுல பெரிய அர்த்தம் இல்லை.

நாலாவது இடக் கதைகள் உண்மையிலேயே வலிக்கிறவைதான். மீராபாய் சானு தூக்கினது 199 கிலோ, வெண்கலம் போனது 200 கிலோவுக்கு. ஸ்கீட் கலப்பு அணி 43-44 என்று ஒரே ஒரு புள்ளியில தோத்துச்சு. லக்‌ஷ்யா சென் முதல் கேமை ஜெயிச்சுட்டு வெண்கலத்தைக் கோட்டை விட்டார். வினேஷ் போகத்தோட 100 கிராம் தனிச் சோகம்.

ஆனா "கொஞ்சத்துல போச்சு" என்பதைக் கணக்குல சேர்த்தா, "கொஞ்சத்துல கிடைச்சது" என்பதையும் சேர்க்கணும் இல்லையா? ஆடவர் ஹாக்கி காலிறுதியில அமித் ரோஹிதாஸ் சிவப்பு அட்டை வாங்கி வெளியேறின பிறகு, மீதி ஆட்டம் முழுக்க 10 பேரோட பிரிட்டனை எதிர்த்து நின்னு, ஷூட் அவுட்டில் ஜெயிச்சாங்க. அபாரமான ஆட்டம்தான். ஆனா அது அந்தப் பக்கம் சாய்ஞ்சிருந்தா வெண்கலப் போட்டிக்கே போயிருக்க மாட்டோம். தவிர, நாலாவது இடம் நமக்கு மட்டும் வர்றதில்லை. எல்லா நாட்டுக்கும் இந்த மாதிரி சேர்த்துக்கிட்டே போனா பட்டியல் திரும்ப பழைய இடத்துக்கே வந்து நிக்கும்.

அதிர்ஷ்டத்தை ஓரமா வச்சுட்டு வேற ரெண்டு எண்ணைப் பார்ப்போம்.

ஒண்ணு, லண்டன் 2012 முதல் வரிசையா: 6, 2, 7, 6. பன்னிரண்டு வருஷத்துல கிளம்பின இடத்துலயே நிக்கிறோம். இதே நாட்டோட பாராலிம்பிக்ஸ் வரிசை: 1, 4, 19, 29. பாராலிம்பிக்ஸில் போட்டிகள் ரொம்ப அதிகம் (பாரிஸில் 549, ஒலிம்பிக்ஸில் 329). அதனால 29ஐயும் 6ஐயும் நேருக்கு நேர் வைக்க முடியாது. ஆனா ஒவ்வொண்ணும் தன்னோட பழைய நிலையிலிருந்து எவ்வளவு நகர்ந்திருக்குன்னு பார்க்கலாம். ஒண்ணு வளர்ந்திருக்கு, இன்னொண்ணு நின்ன இடத்துலயே நிக்குது. மாரியப்பன் தொடர்ந்து மூணாவது பாராலிம்பிக்ஸில் பதக்கம் வாங்கினார். பாட்மிண்டனில் துளசிமதி, மனிஷா, நித்யஸ்ரீ என மூணு தமிழ்நாட்டுப் பெண்கள் பதக்கத்தோட வந்தாங்க.

ரெண்டாவது எண் இன்னும் முக்கியம். பாரிஸில் நீச்சல் குளத்துல மட்டும் 35 தங்கம் இருந்தது. 140 கோடி பேர் இருக்கிற நாடு அனுப்பினது 2 பேர். அந்த ரெண்டு பேரும் எல்லா நாட்டுக்கும் இடம் கிடைக்கணும்னு வச்சிருக்கிற பொது ஒதுக்கீட்டுலதான் போனாங்க. தடகளத்தில் 48 போட்டி, நமக்கு ஒரே பதக்கம். நம்ம 6 பதக்கத்துல பாதி துப்பாக்கி சுடுதல்ல வந்தது. நாலாவது இடங்கள்ல மூணும் அங்கிருந்துதான். அதாவது சில அறைகள்ல மட்டும் விளக்கு எரியுது, வீட்டின் பெரும்பகுதி இருட்டு.

"140 கோடியில் ஒருத்தர் இல்லையா" என்கிற புலம்பலும் இதனாலதான் தப்பு. வகுக்க வேண்டியது மக்கள்தொகையால இல்லை, மைதானத்துக்கும் குளத்துக்கும் போக முடிஞ்ச பிள்ளைகளோட எண்ணிக்கையால. நான் படிச்ச பள்ளியில பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் கடன் வாங்குவார், திருப்பித் தந்ததே இல்லை. அந்த வகுப்பில் இருந்த நாங்க 40 பேரும் 140 கோடியில அடக்கம்.

2036 ஒலிம்பிக்ஸை நடத்த விருப்பம்னு இந்தியா கடிதம் கொடுத்திருக்கு. நடத்தட்டும், சந்தோஷம். ஆனா லாஸ் ஏஞ்சல்ஸ் 2028 முடிஞ்சதும் நான் பதக்கத்தை முதல்ல எண்ணப் போறதில்லை. தகுதி நேரத்தை எட்டிக் குளத்துல இறங்கினவங்க எத்தனை பேர்னுதான் பார்ப்பேன். அந்த எண் நகராத வரைக்கும், நாலாவது இடத்துக்காக அழற உரிமை அந்த வீரர்களுக்கு இருக்கு. நமக்கு இல்லை.